தீப்புண் தழும்பும் மூட்டு முடக்கமும்

தீப்புண் ஆறிக் கட்டு அவிழ்க்கப்பட்டதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகவே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். தழும்பின் வேலையோ அப்போதுதான் தொடங்குகிறது. கொதிக்கும் குழம்பு கொட்டிய குழந்தையின் கை சில வாரங்களில் ஆறிவிடலாம். ஆயினும் அடுத்த சில மாதங்களில் விரல்கள் உள்ளங்கையோடு மடங்கி, எழுதுகோலைப் பிடிக்கவும் இயலாமற் போவதுண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஆண்டுதோறும் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைகின்றனர். இவர்களுக்கு நேரும் முடக்கத்தில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியதே.

மேல்தோல் மட்டும் வெந்தால் தழும்பு ஏற்படுவதில்லை. காயம் உள்தோலில் ஆழச் சென்று, ஆறுவதற்கு மூன்று வாரங்களுக்கு மேலானால், தடித்த தழும்பை எதிர்பார்க்க வேண்டும். கொலாஜன் என்னும் புரத நார்கள் அங்கே ஒழுங்கின்றிக் குவிகின்றன. சுருங்கும் ஆற்றலுடைய உயிரணுக்கள் அவற்றை உள்நோக்கி இழுக்கின்றன. சிவந்து, தடித்து, அரிக்கும் இத்தழும்பு முதிர்ந்து வெளுக்க ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆகும். அதுவரை அதனை ஓரளவு நம் விருப்பப்படி வளைக்கலாம். அதன் பின்னர் அது எளிதில் இணங்காது.

காயத்தின் ஆழத்தைக் குறைக்கும் வாய்ப்பு முதல் மூன்று மணி நேரத்துக்குள் உள்ளது. வெந்த இடத்தின்மேல் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். உடலின் மற்றப் பகுதிகளைப் போர்த்தி வைத்தல் நலம். பனிக்கட்டி கூடாது. வளையல், மோதிரங்களை வீக்கம் தோன்றுமுன் கழற்றிவிட வேண்டும். எழுதும் மை, பற்பசை, மாவு, சாணம் ஆகியவற்றைப் பூசும் வழக்கம் கிருமிகளுக்கு இடந்தருவதோடு, காயத்தின் ஆழத்தை மருத்துவர் காணமுடியாதபடி மறைத்தும் விடுகிறது. சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை.

அடுத்தது நோயாளி படுக்கும் நிலை. இங்கேதான் அன்பே தீங்காய் முடிகிறது. வலிக்கு இதமான நிலை எதுவோ அதுவே முடக்கத்துக்கு ஏதுவான நிலையாகும். கழுத்து வெந்தவருக்குத் தலையணை வைத்தால், மோவாய் மார்போடு ஒட்டிக்கொள்ளும். தலையணையை நீக்கி, தோள்களின் கீழ்ச் சுருட்டிய துணியை வைத்துக் கழுத்தைச் சற்றுப் பின்னோக்கி நீட்ட வேண்டும். அக்குள் வெந்தால் கையை உடலினின்று விலக்கியும், முழங்கை, முழங்கால்களை நீட்டியும், பாதத்தைக் கணைக்காலுக்குச் செங்கோணமாகவும் வைத்தல் வேண்டும். உள்ளங்கை வெந்தால் விரல்களை விரித்து நீட்டிச் சிம்பு கட்டுவர். புறங்கைக் காயத்துக்குரிய நிலை வேறாதலால், அதனை மருத்துவமனையிலேயே கேட்டறிதல் வேண்டும்.

புண் மூடியபின் நாள்தோறும் பலமுறை மூட்டுகளை முழு அளவுக்கு நீட்டி மடக்க வேண்டும். தேங்காயெண்ணெய் அல்லது வாசலின் தடவி அழுத்தித் தேய்ப்பது வறட்சியையும் அரிப்பையும் தணிக்கும். மருத்துவர் பரிந்துரைக்கும் இறுக்கமான அழுத்த உடையைக் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும் அணிய வேண்டும். பல மாதங்கள் தொடர்ந்தாலே பலன் தெரியும். சிலிக்கோன் தகடுகளும் பயன்படுகின்றன. காயத்தின் எல்லையைக் கடந்து பரவும் தழும்பு கீலாய்டு எனப்படும். காது குத்திய இடத்திலும் மார்பிலும் தோன்றும் இதனை அறுத்தெடுத்தால் மட்டும் போதாது, மீண்டும் வளரும். ஸ்டீராய்டு ஊசி முதலிய சிகிச்சைகளும் தேவைப்படும்.

குழந்தையின் எலும்பு வளரும் வேகத்துக்குத் தழும்பு நீளுவதில்லை. ஆகவே ஆறு வயதில் நேராயிருந்த விரல் பத்து வயதில் மடங்கக்கூடும். இதனை முதலில் காணும் வாய்ப்பு ஆசிரியருக்கே உண்டு. வகுப்பில் ஓயாது சொறியும் மாணவனைக் கடிந்துகொள்ளாமல், விரல்களை முழுதும் விரிக்கச் செய்து பார்த்தல் நன்று. விரியாவிடில் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். தழும்பை நெகிழ்த்தித் தோல் ஒட்டும் அறுவைச் சிகிச்சையால் முடங்கிய கையை மீட்க இயலும். மூட்டே உறைந்துபோன பின்னர் அது கடினம்.

களப் பணியாளர் பல ஆண்டுப் பழமையான தழும்புகளையும் கவனிக்க வேண்டும். அவற்றில் புதிதாய்ப் புண் தோன்றிச் சில வாரங்களில் ஆறாவிடில், அது புற்றுநோயாகவும் இருக்கலாம். அத்தகையோரைத் தாமதமின்றி மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பித் திசுப் பரிசோதனை செய்விக்க வேண்டும்.