காயம் ஆறிய பின்னும் நோவு ஏன்?
தம்பதியருக்குச் சில வார்த்தைகள்



வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தோல் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. கணவர் டேனரிக்குப் போவார். மனைவி ஷூ கம்பெனிக்குப் போவார். மிச்ச நேரத்தில் நிலம், மாடு, பிள்ளைகள். அப்படிப்பட்ட ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

கணவருக்கு மிஷினில் கை சிக்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, கட்டுப் போட்டார்கள். புண் ஆறியது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்பு நன்றாகக் கூடிவிட்டது" என்றார். ஆனால் எட்டு மாதமாகியும் நோவு போகவில்லை. இரவில் தூக்கமில்லை. மிஷின் ஓடும் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது. வீட்டில் பேச்சு இப்படிப் போகிறது:

"இன்னாங்க, டாக்டரே சரியாப் போச்சுன்னு சொல்லிட்டாரு. இன்னும் நோவுது நோவுதுன்னா எப்படி?"

"எனக்கு நோவுறது உனக்கு எப்படித் தெரியும்? நான் நடிக்கிறேன்னு நினைக்கிறியா?"

இதில் யார் சொல்வது சரி? டாக்டர் சொன்னதும் உண்மை. கணவரின் நோவும் உண்மை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாகும் என்று தெரிந்துகொண்டால், பல வீடுகளில் பாதிச் சண்டை நின்றுவிடும்.

நோவு ஒரு காவல்காரன்

நோவு என்றால் கெட்டது என்றுதான் நாம் நினைக்கிறோம். அது நமக்குக் காவல்காரன் என்பதை நம் வேலூரிலேயே கண்டு சொன்னார்கள். 1946-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். நோயினால் விரல்கள் தாமே அழுகி விழுகின்றன என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். அப்படியல்ல என்று அவர் கண்டார். நோயினால் நரம்பு உணர்ச்சியற்றுப் போகிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் சுடுவது தெரியாது. முள் குத்தினாலும் தெரியாது. இரவில் எலி கடித்தாலும் தெரியாது. அதனால்தான் விரல்கள் போயின. நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும்போது எலியைப் பிடிக்க ஆளுக்கொரு பூனையையும் கொடுத்து அனுப்பியதாக அவர் எழுதியிருக்கிறார்.

நோவு இல்லாவிட்டால் உடம்புக்குக் காப்பு இல்லை. இது முதல் பாடம்.

காவல் நாய் ஓயாமல் குரைத்தால்?

திருடன் வந்தால் நாய் குரைக்க வேண்டும். திருடன் ஓடிப்போன பிறகும் இரவெல்லாம் குரைத்தால்? காற்றில் ஓலை அசைந்தாலும் குரைத்தால்? நாய் பொய் சொல்லவில்லை. ஒரு முறை பயந்துபோனதால் அதன் காது அதிகக் கூர்மையாகிவிட்டது.

நீண்ட நாள் நோவும் இப்படித்தான். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் நோவை டாக்டர்கள் தனியாகவே வகைப்படுத்துகிறார்கள். அடிபட்ட சேதி நரம்பு வழியாக முதுகுத் தண்டுக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகிறது. சிலருக்குப் புண் ஆறிய பிறகும் அந்தச் சேதி ஓய்வதில்லை. சிறு தொடுதலும் பெரும் நோவாகத் தெரிகிறது. விரலை இழந்தவர்களில் பலர், இல்லாத அந்த விரலே வலிப்பதாகச் சொல்வார்கள். அது பிரமையல்ல, நரம்பும் மூளையும் தரும் உண்மையான நோவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தை முட்டியில் இடித்துக்கொண்டால் தாய் தேய்த்துவிடுகிறாள். நோவு குறைகிறது. எப்படி? 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் இதற்கு விளக்கம் தந்தார்கள். முதுகுத் தண்டில் ஒரு வாசற்கதவு இருப்பதுபோல வைத்துக்கொள்ளுங்கள். இதமான தொடுதலும், மூளையிலிருந்து வரும் நிம்மதியும் கதவைச் சாத்துகின்றன. பயமும் கவலையும் தூக்கமின்மையும் கதவைத் திறந்துவிடுகின்றன. பிற்கால ஆராய்ச்சிகள் இதில் பல திருத்தங்களைச் செய்திருந்தாலும், மனத்தின் நிலை நோவைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் என்ற அடிப்படை நிலைத்து நிற்கிறது.

மனத்தில் பட்ட அடி

விபத்து உடம்பை மட்டும் அடிப்பதில்லை. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ல் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தது நம் பகுதியில் பலருக்கும் நினைவிருக்கும். இதுபோன்ற கொடுமையைக் கண்ணால் கண்டவருக்கு, மேலே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் கனவில் அதுவே வரும். அந்தப் பக்கம் போகக் கால் கூசும். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். எரிச்சல் வரும். விபத்து மட்டுமல்ல, பிள்ளையைப் பறிகொடுப்பது, பிரசவத்தில் உயிர் பிழைத்து வருவது, அடி உதைக்கு ஆளாவது எல்லாமே இப்படிப்பட்ட அதிர்ச்சிதான்.

முதல் சில வாரங்களில் இவை வருவது இயற்கை. பெரும்பாலோருக்குத் தாமாகவே தணிந்துவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் விடாமல் வாட்டினால் வைத்தியம் தேவை.

நோவும் அதிர்ச்சியும் சேர்ந்துவிட்டால் ஒன்றுக்கொன்று தீனி போடும். கையில் சுருக்கென்றால் அந்த நாள் நினைவுக்கு வருகிறது. நினைவு வந்தால் உடம்பு இறுகுகிறது. உடம்பு இறுகினால் நோவு கூடுகிறது. நோவுக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்தால் சதை சூம்பி, மூட்டு மரத்து, நோவு மேலும் ஏறுகிறது. இந்தச் சுற்றை எங்கேயாவது ஓரிடத்தில் அறுத்தால் போதும்.

2004-ல் சுனாமி நம் கடலோரத்தைத் தாக்கியபோது மனநல மருத்துவர்கள் மட்டும் போதவில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் ஊர்த் தொண்டர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தந்தன. அவர்கள் கற்றது கடினமான வித்தை அல்ல. பக்கத்தில் இருப்பது, பொறுமையாகக் கேட்பது, "சொல்லு, சொல்லு" என்று கிளறாமல் இருப்பது, வழக்கமான வேலைக்கும் பள்ளிக்கும் மெல்லத் திரும்ப உதவுவது. இதைக் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் செய்யலாம்.

ஒரு டாக்டரம்மாவின் கதை

வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய இளம் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் ஒரு கார் விபத்தில் சிக்கினார். முதுகுத் தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் போயின. கால் மீண்டும் வரவில்லை. ஆனால் கைகள் நன்றாக இருந்தன. டாக்டர் பிராண்டு கொடுத்த ஊக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, தம்மைப் போல் முடங்கியவர்களுக்காகவே உழைத்தார். சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் 1966-ல் திறக்கப்பட்டது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார்.

எல்லோரும் அவரைப் போல் ஆகிவிட முடியுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. அவர் கதையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுதும் குணமாகட்டும், அப்புறம் வாழலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. இருப்பதைக் கொண்டு தொடங்கினார். நீண்ட நாள் நோவுக்கும் இதுவே வழி. நோவு போன பிறகு நடப்பது என்பதல்ல, நடக்க நடக்கத்தான் நோவு இறங்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. நம்புங்கள். "நடிக்கிறியா?" என்ற ஒரு வார்த்தை, ஆறிய புண்ணையும் கிளறும். "நோவுதுன்னு தெரியுது. இன்னிக்கு எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள்.

2. எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடாதீர்கள். அன்பினால் சோறு ஊட்டி, சட்டை மாட்டி, படுக்க வைத்தால் நோவாளி மேலும் முடங்கிப்போவார். அவரால் முடிந்த ஒரு வேலையை அவருக்கென்றே ஒதுக்குங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது போல.

3. அளவு வைத்து நடங்கள். இந்த வாரம் தெருமுனை வரை, அடுத்த வாரம் கோயில் வரை, பிறகு பஸ் ஸ்டாப் வரை. நோவு குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு, மறுநாள் படுத்துவிடாதீர்கள். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதே அளவு.

4. தூக்கத்தைக் காப்பாற்றுங்கள். ஒரே நேரத்தில் படுத்து, ஒரே நேரத்தில் எழுங்கள். மாலைக்குப் பிறகு டீ, காப்பி வேண்டாம். சாராயம் தூக்கம் தருவதுபோல் தோன்றும், நடு இரவில் எழுப்பிவிடும்.

5. பயந்த இடத்துக்கு மெல்லத் திரும்புங்கள். முதல் நாள் கம்பெனி வாசல் வரை போய் வாருங்கள். கூட மனைவியோ, கூட்டாளியோ வரட்டும்.

சிலர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரையை எவ்வளவு நாள் சாப்பிடலாம்?

பதில்: டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். தூக்க மாத்திரையும் அப்படியே, பழகிவிட்டால் விடுவது கடினம்.

கேள்வி: நோவுக்குப் போனால் மனநல மருந்து எழுதிக் கொடுக்கிறார்கள். பைத்தியம் என்று நினைத்துவிட்டார்களா?

பதில்: இல்லை. மனச்சோர்வுக்கான சில மருந்துகள் நரம்பின் சேதியையும் தணிக்கும். அதற்காகவே சிறு அளவில் தருகிறார்கள்.

கேள்வி: விபத்துக்குப் பிறகு என் மனைவி (அல்லது கணவர்) கிட்டே வரவே தயங்குகிறார். என் மேல் பிரியம் போய்விட்டதா?

பதில்: நோவும் பயமும் தாம்பத்திய ஆசையைக் குறைக்கும். அது வெறுப்பல்ல. வற்புறுத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது, கையைப் பிடித்துக்கொள்வது, தலையைக் கோதிவிடுவது ஆகியவற்றிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். எந்த நிலையில் படுத்தால் நோவு இல்லை என்று வெட்கப்படாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அடிப்பதே வீட்டுக்காரர் என்றால்?

பதில்: அப்போது பொறுத்துப்போவது மருந்தாகாது. அடி நிற்காமல் அந்த நோவு ஆறாது. பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கால் திடீரென்று பலமிழந்தாலோ, மலம் சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, நோவோடு காய்ச்சலும் உடல் இளைப்பும் சேர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "இருந்து என்ன பயன்" என்று ஒருவர் பேசினால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தனியே விடாதீர்கள். இரவு பகல் எந்த நேரத்திலும் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை.

மற்றபடி முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே போங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள், வேலையில் பட்ட காயத்துக்கு வைத்தியமும் உதவித் தொகையும் கேட்டுப் பெறலாம். விபத்தை உடனே பதிவு செய்ய வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

தம்பதியரே! முதலில் சொன்ன அந்த வீட்டுக்குத் திரும்புவோம். இன்று மாலை அந்தப் பேச்சு இப்படி இருக்கட்டும்:

"இன்னாங்க, நோவுதா?"

"நோவுதும்மா. ஆனா நேத்து மாதிரி இல்லே."

"சரி, வாங்க. தெருமுனை வரைக்கும் ரெண்டு பேருமாப் போய் வருவோம்."

நோவை நம்புவோம், நோவுக்கு அடங்க மாட்டோம்!