பித்தப்பையின் அபூர்வப் புற்றுகள்

பித்தப்பைக் கற்களைப் பற்றிச் சென்ற வாரம் பேசியபோது, அவற்றுள் பெரும்பாலானவை ஆயுள் முழுவதும் ஒரு தீங்கும் செய்யாமலே கிடந்துவிடுகின்றன என்ற ஆறுதலோடு நிறுத்தினோம். அந்த ஆறுதல் பொய்யன்று. ஆயினும், நெடுங்காலம் கல் உராய்ந்து புண்பட்ட சுவரில் சிலருக்குப் புற்று வேரூன்றுகிறது என்பதையும், அப்படி வேரூன்றும் புற்றுகள் யாவும் ஒரே சுபாவம் உடையன அல்ல என்பதையும் இவ்வாரம் சொல்லியாக வேண்டும்.

வியன்னா நகரத்து வைத்தியர் மாக்ஸிமிலியன் ஸ்டோல், இறந்தவர் உடலை அறுத்துச் சோதித்தபோது கண்டதை 1777-ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். இந்நோயைப் பற்றி வைத்திய உலகம் பெற்ற முதற்குறிப்பு அதுவே. பிரேதத்தில் முதன்முதல் அறியப்பட்ட இந்த வியாதி, இன்றைக்கும் காலத்தோடு பிடிபடுவது அரிதாகவே இருக்கிறது. கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஒரு சிறு பேரிக்காயின் வடிவில், 50 மில்லிலிட்டர் அளவுக்குப் பித்தநீரைத் தாங்கி நிற்கும் அப்பையின் சுவர் மிக மெல்லியதாகவும், கல்லீரலைத் தொடும் பக்கத்தில் வெளியுறை இல்லாததாகவும் இருப்பதால், உள்ளே முளைத்த கட்டி வலி என்ற ஓர் அறிகுறியைக் காட்டுவதற்கு முன்பே கல்லீரலுக்குள் புகுந்துவிடுகிறது. தென் அமெரிக்காவில் சிலி நாட்டு மாபுச்சே குலப் பெண்களையும், நம் தேசத்தில் கங்கைச் சமவெளி மக்களையும், அவர்களுள்ளும் விசேஷமாகப் பெண்களையும், இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது. தென்னாட்டில் அதன் தாக்கம் வெகு குறைவு.

பத்தில் ஒன்பது நோயாளிகளுக்கு வருவது அடினோகார்சினோமா எனப்படும், சுரப்பி போன்ற அமைப்புடைய சாமானிய வகை. எஞ்சிய சிலரிடமே அபூர்வங்கள் தோன்றுகின்றன. ஆனால் ஒரு மனிதருக்கு வந்துவிட்ட பிறகு, அவரைப் பொறுத்தவரை அது அபூர்வம் அன்று.

தோலில் உள்ளவை போன்ற தட்டையான ஸ்குவாமஸ் செல்கள் பித்தப்பையின் உட்சுவரில் இயல்பாக இருப்பவையல்ல. ஓயாத அழற்சியால் செல்கள் தம் ரூபத்தை மாற்றிக்கொண்ட இடத்தில் இவ்வகைப் புற்று பிறக்கிறது என்று நிபுணர்கள் கருதுகிறார்கள். சில வேளைகளில் அது தனித்தும், பெரும்பாலும் அடினோகார்சினோமாவோடு கலந்து அடினோஸ்குவாமஸ் என்ற இரட்டைப் பெயரோடும் வருகிறது. இதன் போக்கு விசித்திரமானது. நிணநீர்க் கணுக்களைத் தேடிப் போவதில் சற்றுப் பின்தங்கும் இது, வேகமாகப் பருத்து, பக்கத்திலுள்ள கல்லீரலையும் குடலையும் நேரே துளைத்துச் செல்லும். முழுவதையும் வெட்டி அகற்ற முடிந்தவர்களுள் சிலர் நெடுநாள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதால், கட்டியின் பருமனைக் கண்டவுடனே சர்ஜன் கையை விரித்துவிடலாகாது.

பாப்பிலரி என்னும் வகையோ, இக்குடும்பத்தில் சற்றுச் சாதுவானது. சுவரைத் துளைக்காமல் பையின் உள்வெளியை நோக்கிப் பூங்கோசு போல வளர்வதாலும், அதன் துணுக்குகள் உதிர்ந்து பித்தநாளத்தை அடைத்து வலியையோ மஞ்சள் காமாலையையோ முன்கூட்டியே உண்டாக்கிவிடக் கூடுமாதலாலும், இதை உடையவர்கள் பிழைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

சிறு செல் புற்று இதற்கு நேர் விரோதமான குணம் படைத்தது. நியூரோஎண்டோகிரைன் இனத்தைச் சேர்ந்த இது, கண்டுபிடிக்கப்படும்போதே பெரும்பாலும் கல்லீரலுக்கும் கணுக்களுக்கும் பரவியிருக்கும். நுரையீரலில் தோன்றும் இதே பெயருடைய புற்றுக்கு அளிக்கும் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட் என்னும் மருந்துகளையே இதற்கும் அளிக்கிறார்கள். ஆகவே செல்லின் பெயரைச் சரியாக அறியாவிட்டால் மருந்தே மாறிப்போகும். கட்டியில் பாதிக்கு மேல் சளிப்பொருளாகவே நிறைந்த மியூசினஸ் வகையும், எலும்பும் குருத்தெலும்பும்கூடச் சில சமயம் உள்ளே காணப்படுகிற கார்சினோசார்கோமாவும் அரியவையே. பின்னதன் முடிவு மிகவும் துயரமானது.

இந்த வேறுபாடுகளை வயிற்றின் மேல் கைவைத்து அறிய முடியாது. ஸ்கேன் படமும் தீர்மானமாகச் சொல்லாது. நுண்பெருக்கியின் கீழ் திசுவைப் பார்க்கும் நோயியல் மருத்துவர் ஒருவரே சொல்ல வல்லவர். 1882-ஆம் ஆண்டு பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றிய நாள் தொட்டு, கல்லுக்காக எடுக்கப்பட்ட பைகளுக்குக் கணக்கில்லை; அவற்றுள் சிலவற்றில், எவரும் சந்தேகிக்காத புற்று ஒளிந்திருந்தது பிறகே தெரிந்தது. உட்படலத்தோடு அது நின்றிருந்தால் பையை எடுத்ததே போதுமான சிகிச்சை. தசைப் படலத்தை எட்டியிருந்தால், ஒட்டியிருந்த கல்லீரல் பகுதியையும் கணுக்களையும் அகற்ற இரண்டாவது ஆபரேஷன் வேண்டியிருக்கும். அந்தப் பையைச் சோதிக்காமல் எறிந்துவிட்டாலோ, இரண்டில் எது என்று அறியும் வழியே அடைபட்டுப் போகும்.

ஆதலால், உங்கள் வீட்டில் யாருக்கேனும் கல்லுக்காகப் பித்தப்பையை எடுத்தால், கற்களை மட்டும் புட்டியில் போட்டு வாங்கி வந்துவிடாதீர்கள். பையைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த அறிக்கையைக் கையில் வாங்கி, மருத்துவரிடம் காட்டிப் பத்திரப்படுத்துங்கள்.