ரீஃபண்டில் பங்கு கேட்டால் உஷார்!

மண் பரிசோதனை முடிவு வாங்க வந்த ஒரு விவசாயி, வருமான வரித்துறை நோட்டீஸ் ஒன்றையும் என்னிடம் நீட்டினார். சாலைக்கு எடுத்த நிலத்தின் இழப்பீட்டை வங்கியில் டெபாசிட் போட்டிருந்தார். வட்டியில் பிடித்த வரியைத் திரும்ப வாங்கித் தருவதாக ஒருவர் சொல்ல, நம்பி ஓ.டி.பி.யைக் கொடுத்துவிட்டார். வந்த பணத்தில் நூற்றுக்கு இருபது அந்த நபருக்கு. இல்லாத வீட்டுக் கடனைக் காட்டி வாங்கிய பணம் அது என்பது நோட்டீஸ் வந்த பிறகே தெரிந்தது.

யார் எழுதிக் கொடுத்தாலும், சட்டப்படி அது உங்கள் கணக்குதான். பொய்த் தகவல் என்று முடிவானால் வரியும் வட்டியும் கட்ட வேண்டும். அதற்கு மேல், குறைத்துக் காட்டிய வரியைப் போல இரு மடங்கு அபராதமும் உண்டு. விவசாய வருமானத்துக்கு வரிவிலக்கு உண்டு என்றாலும், டெபாசிட் வட்டியும் பால் விற்ற வருமானமும் அதில் சேராது.

எழுதிக் கொடுத்தவர் தப்பிவிடுவாரா? அவர் பதிவு பெற்ற ஆடிட்டர் என்றால், 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தும். கிடைக்கும் பலனில் இத்தனை சதவீதம் என்று கூலி பேசுவதே பொதுவாக விதிமீறல்தான். டெல்லியில் உள்ள இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவுக்குப் புகார் அனுப்பலாம். குற்றம் உறுதியானால் கண்டனம், அபராதம், பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் வரை போகும். ஆடிட்டர் அல்லாதவர் மீது வருமான வரித்துறையிலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். பொய்க் கணக்குக்கு உடந்தையாக இருப்பதும் குற்றமே.

கணக்கு கொடுக்கும் முன் கவனிக்க:

* ஆடிட்டர் என்றால் உறுப்பினர் எண்ணைக் கேட்டு, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள்.
* கூலியை முன்பே பேசி, ரசீது வாங்குங்கள்.
* உங்கள் கைபேசி எண், உங்கள் வங்கிக் கணக்கு மட்டுமே பதிவாகட்டும். கடவுச்சொல் உங்களிடமே இருக்கட்டும்.
* என்னென்ன கழிவு காட்டியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ஓ.டி.பி. சொல்லுங்கள்.
* தாக்கல் செய்த கணக்கின் நகலைப் பத்திரப்படுத்துங்கள்.
* தவறு தெரிந்தால், கெடு முடிவதற்குள் திருத்திய கணக்கு கொடுத்துவிடுங்கள்.

அந்த விவசாயியிடம் இருந்தது ஒரு கைபேசி எண் மட்டுமே. அதுவும் அணைந்து கிடந்தது. ரசீதும் இல்லை, முழுப் பெயரும் தெரியாது. யார் மீது புகார் எழுதுவது? பூச்சிமருந்து வாங்கினால் பில் கேளுங்கள் என்று கூட்டம்தோறும் சொல்கிறேன். இனி இதையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.