மீனை விட்டு இறங்கும் நேரம்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது.

நீல டாங் மீனின் உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கடைக்காரர் ஒரு பாட்டில் கொடுத்தார். நான்கைந்து நாளில் புள்ளி மறைந்ததும் மருந்து கேட்டுவிட்டது என்று நிம்மதியானீர்கள். இப்போது டாங் மட்டுமல்ல, தொட்டியில் உள்ள எல்லா மீனும் புள்ளியோடு நிற்கின்றன. கல்கத்தாவின் அலிப்பூரில் என்றில்லை, உப்புநீர்த் தொட்டி இருக்கிற ஊரிலெல்லாம் இதே கதைதான். அந்தப் பாட்டிலால் ஒன்றும் நடக்கவில்லை. புள்ளி தானாகப் போயிற்று.

கிரிப்டோகாரியான் என்ற ஒற்றைச் செல் உயிரி அது. மீனின் தோலுக்கு அடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாள் வரை தின்று கொழுக்கும். நமக்குத் தெரிகிற புள்ளி அதுதான். பிறகு, பெரும்பாலும் இருட்டு நேரத்தில், மீனை விட்டு இறங்கிவிடும். காலையில் விளக்கைப் போட்டால் மீன் பளிச்சென்று இருக்கும். இறங்கியது மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொள்ளும். ஓட்டுக்குள்ளேயே பிளந்து பிளந்து இருநூறு குஞ்சுகள் வரை ஆகும். ஓடு உடைந்ததும் அவை நீந்திப்போய் மீனைத் தேடும். ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும்.

இதில் மருந்து எட்டுவது அந்த நீந்துகிற கட்டத்தை மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதை மீனின் தோலே காக்கிறது. ஓட்டுக்குள் இருப்பதை ஓடு காக்கிறது. பூண்டுச் சாறு, மூலிகைச் சொட்டு என்று விற்கிறதெல்லாம் பெயர் வாங்கியதும் இப்படித்தான். புள்ளி எப்படியும் ஒரு வாரத்துக்குள் மறையும்; அன்று எதை ஊற்றினீர்களோ அதற்குப் புகழ் போய்ச் சேரும்.

இந்த விஷயத்தைப் பேச அலிப்பூர் பொருத்தமான இடம். ஆதி கங்கையைத் தாண்டினால் பி.ஜி. ஆஸ்பத்திரி, இன்றைய எஸ்.எஸ்.கே.எம். மலேரியாக் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்வதை 1898-இல் அந்த வளாகத்து ஆய்வுக்கூடத்தில்தான் ரொனால்டு ராஸ் கண்டார். ஆராய்ந்தது பறவைகளுக்கு வரும் மலேரியாவை. 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளியின் ரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரை நோய் எப்படிப் பரவுகிறது என்பது பிடிபடவில்லை. கிருமி நோயாளியை விட்டு வெளியே எங்கே வாழ்கிறது என்று தேடியபோதுதான் பிடிபட்டது. மீன் தொட்டிக்கும் அதே கேள்விதான். இன்னொரு பொருத்தமும் உண்டு: மலேரியா மாத்திரையான குளோரோகுயின், உப்புநீர் மீன்களின் ஒட்டுண்ணிக்கும் மருந்தாகப் பயன்படுகிறது.

சரி, வந்திருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? புள்ளி ரவை மாதிரி தனித்தனியாக எண்ணும்படி இருந்தால் கிரிப்டோகாரியான். மாவு தூவியது போல இருந்தால் வெல்வெட். வெல்வெட்டுக்கு அமைலூடினியம் என்று பெயர். அதைக் கண்டு பயப்பட வேண்டும். அது முதலில் செவுளைப் பிடிக்கும். தோலில் தெரியும் முன்பே மீன் வேகவேகமாக மூச்சு வாங்கும், வெளிச்சத்தை விட்டு ஒதுங்கும், பம்ப்பின் நீரோட்டத்துக்கு எதிரே போய் நிற்கும். ஓரிரு நாளில் தொட்டியே காலியாகிவிடலாம். கல்கத்தாவின் மே மாதச் சூட்டில் தண்ணீரில் பிராணவாயுவும் குறைவு; அவகாசம் இன்னும் சுருங்கும்.

கோமாளி மீனின் மேல் கோழை படலம் படலமாக உரிந்தால் அது புரூக்லினெல்லா. முன் சொன்ன இரண்டுக்கும் கொடுக்கிற தாமிரம் இதற்கு உதவாது, ஃபார்மலின் வேண்டும். கண் மங்கி, மீன் கல்லில் உரசிக்கொண்டே இருந்தால் தட்டைப்புழுவைச் சந்தேகிக்கலாம். தொட்டியின் அதே வெப்பத்திலும் அதே காரத்தன்மையிலும் உள்ள நல்ல தண்ணீரில் ஐந்து நிமிடம் மீனை விட்டுப் பாருங்கள். புழு இருந்தால் வெளுத்து, சின்னச் செதில் போல அடியில் உதிரும். மருந்து பிராசிகுவான்டெல். முட்டைக்கு அது எட்டாது என்பதால் சில நாள் கழித்து இன்னொரு முறை. பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் ஒன்று கைவசம் இருந்தால் பாதி ஊகம் குறைந்துவிடும்.

வைத்தியத்தைப் பெரிய தொட்டியில் செய்யவே கூடாது. தாமிரம் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொல்லும். சுண்ணாம்புக் கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொண்டு அளவைக் குழப்பும். வெறும் கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. எல்போ, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். சாதாரணத் தாமிர மருந்து என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, டெஸ்ட் கிட் வைத்து தினமும் அளந்து, குறைந்தது மூன்று வாரம். குறைந்தால் ஒட்டுண்ணி பிழைக்கும். கூடினால் மீன் போய்விடும். அம்மோனியாவையும் கூடவே பாருங்கள். பழகாத, அதாவது நல்ல பாக்டீரியா இன்னும் குடியேறாத, ஃபில்டரால் சாகிற மீன்களின் பழி பல நேரம் மருந்தின் மேல் விழுகிறது.

தாமிரம் வேண்டாம் என்றால் உப்பைக் குறைக்கும் வழி இருக்கிறது. அடர்த்தியை 1.009-க்கு மெதுவாக இறக்கி மூன்று நான்கு வாரம் வைத்தால் கிரிப்டோகாரியானின் ஓட்டுக் கட்டம் தாங்காது. மிதவை மீட்டரை நம்பாமல் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். வெல்வெட்டுக்கு இந்த வழி பலிக்காது. அது குறைந்த உப்பிலும் சௌகரியமாக வாழும்.

மீன்கள் தனித்தொட்டியில் இருக்கும் நாளெல்லாம் பெரிய தொட்டியில் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. ஓடுகள் ஒரே நாளில் உடைவதில்லை. பெரும்பாலானவை ஒரு வாரத்தில் உடையும், சில பல வாரம் கழித்தும் உடையும். ஆறு வாரம் குறைந்தபட்சம். பழகியவர்கள் 76 நாள் என்பார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. பவளமும் நத்தையும் அங்கேயே இருக்கலாம், இந்த ஒட்டுண்ணிக்கு மீன் மட்டுமே தீனி.

ஒட்டுண்ணி எங்கிருந்து வந்தது என்று தேடி அலைய வேண்டாம். அலிப்பூரிலிருந்து கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால், ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் பாக்கெட் உப்பைக் கலந்துதான் இங்கே கடல் உண்டாகிறது. அந்தத் தண்ணீரில் ஒட்டுண்ணி இராது. புது மீனோடு வரும். மீன் இருந்த தொட்டியின் பவளத்தோடும் கல்லோடும் வரும். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கேலிஃப் தெருச் சந்தைக்குப் போனால் மீன் பக்கம் பார்க்காதீர்கள். முதலில் ஒரு வெறும் தொட்டி வாங்கி ஃபில்டரைப் பழக்குங்கள். அதன் பிறகு வாங்கும் ஒவ்வொரு மீனையும் ஒரு மாதமாவது அதில் தனியே வைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய தொட்டியில் சேர்த்துவிடுங்கள்.