யாருக்கு எத்தனை இடம்?

நின்டெண்டோவின் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் வீட்டில் வாக்குவாதம் நிச்சயம். என் அக்கா மகனுக்கு ‘ஃபயர் எம்ப்ளம்’ தொடர் மேல் கோபம். எனக்கு ‘எஃப்-ஸீரோ’வை நினைத்து ஆதங்கம்.

வெவ்வேறு வீடியோ கேம்களின் நாயகர்களையும் வில்லன்களையும் ஒரே களத்தில் மோதவிடும் விளையாட்டு இது. மசாஹிரோ சகுராய் இயக்கி 1999-ல் வந்த முதல் பாகத்தில் 12 பேர். 2018 டிசம்பரில் வெளியான ‘அல்டிமேட்’, பிற்பாடு சேர்த்தவர்களோடு 89-ல் போய் நின்றது. இதில் எந்தத் தொடருக்கு எத்தனை பேர் என்பதுதான் ரசிகர்களின் தீராத வழக்கு.

போக்கிமானுக்குப் பத்து, மாரியோவுக்கு ஒன்பது. அவற்றின் விற்பனையைப் பார்த்தால் கேள்வி எழாது. அந்த அளவுக்கு விற்காத ஃபயர் எம்ப்ளத்துக்கு எட்டு! 2020 ஜனவரியில் எட்டாவது ஆளாக பைலெத்தை அறிவித்தபோது, ‘இன்னொரு வாள்வீரரா?’ என்று கொதித்தவர்கள் ஏராளம். பந்தய விளையாட்டான எஃப்-ஸீரோவுக்கோ அதன் ஓட்டுநர் கேப்டன் ஃபால்கன் ஒருவர்தான்.

ஃபயர் எம்ப்ளத்துக்கு இத்தனை இடம் கிடைக்க ஒரு காரணம் உண்டு. மாரியோ தொடரில் எத்தனை பாகம் வந்தாலும் அதே மாரியோ. போர் வியூக விளையாட்டான ஃபயர் எம்ப்ளத்தில் கதை மாறினால் நாயகனும் மாறுவான். புதுப் பாகத்துக்குப் புது முகம். அப்படியொரு நாயகனான ராயின் சொந்த விளையாட்டு வந்தது 2002-ல்; அதற்கு முந்தின ஆண்டே ஸ்மாஷின் ‘மெலீ’ பாகத்தில் அவன் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

ஆனாலும் தலையை எண்ணி நியாயம் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. தொடரின் குணம் ஆடுபவரின் கைக்கு வந்து சேர்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஃபயர் எம்ப்ளம் ஆட்களையே எடுத்துக்கொள்வோம். மார்த்தின் வாள் நுனியில் பட்டால் அடி பலம். ராய்க்குப் பிடியருகே பலம். லூசினாவுக்கும் க்ரோமுக்கும் வாள் முழுக்கச் சமம். நால்வரின் ஆட்டமும் ஏறக்குறைய ஒன்றே. ராபின் அப்படியல்ல. அவனுடைய மின்னல் வாளைத் தொடர்ந்து வீசினால் தீர்ந்துபோகும். மந்திர நூல்களும் அப்படியே. திரும்பக் கிடைக்கும்வரை வெண்கல வாளோடு சமாளிக்க வேண்டும். ஆயுதம் தேய்ந்து உடையும் என்பது ஃபயர் எம்ப்ளம் பாகங்கள் பலவற்றில் உள்ள விதி. அந்தத் தொடரைத் தொட்டே பார்க்காதவருக்கும் ராபின் அதைக் கற்றுக்கொடுத்துவிடுகிறான்.

செல்டா தொடருக்கு ஆறு இடம். அதில் மூவர் நாயகன் லிங்க்கின் வெவ்வேறு வடிவங்கள். வில்லன் கேனன்டார்ஃப் கதைதான் மனதை அறுக்கிறது. ‘மெலீ’யில் கடைசி நேரத்தில் சேர்த்ததால், கேப்டன் ஃபால்கனின் அடிகளையே கொஞ்சம் மாற்றி அவனுக்குக் கொடுத்தார்கள். மந்திரத்தால் ஒரு நாட்டையே வளைத்த அரசன், பந்தய ஓட்டுநரின் குத்துகளைக் குத்திக்கொண்டிருந்தான். அல்டிமேட்டில்தான் அவனுடைய பலத்த அடிகளுக்கு வாள் கிடைத்தது. மற்றவை பெரும்பாலும் பழையபடியே.

எஃப்-ஸீரோவின் வேகம் ஃபால்கனைவிட ‘பிக் ப்ளூ’ களத்தில்தான் தெரிகிறது. அங்கே சண்டையே பாய்ந்தோடும் பந்தய ஊர்திகளின் முதுகில். தவறிச் சாலையில் விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னால் அடித்துச் செல்லப்படுவோம். 2004-க்குப் பிறகு 2023 வரை புதுப் பாகமே வராத தொடர் அது. அத்தனை ஆண்டுகளும் அதன் பெயரை உயிரோடு வைத்திருந்தது ஸ்மாஷ்தான்.

அடுத்த ஸ்மாஷில் எஃப்-ஸீரோவின் வில்லன் பிளாக் ஷேடோவைக் கொண்டுவந்து, கேனன்டார்ஃப் இரவல் வாங்கிய குத்துகளை அவனுக்குக் கொடுக்கட்டும். கேனன்டார்ஃப் கையில் மந்திரத்தைத் தரட்டும். இதற்கு அக்கா மகனும் சம்மதம் சொல்லிவிட்டான். அந்தப் புது ஆளிடம் வாள் இருக்கக் கூடாது என்பது மட்டும் அவன் நிபந்தனை.