மேனேஜர்களைத் திணறடிக்கும் பீர் கேம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லாருமே கேம்ஸில்தான் தொடங்குகிறோம். பெரிய நிறுவன மேனேஜர்களையும் உட்கார வைத்து விளையாடச் சொல்லும் கேம் ஒன்று இருக்கிறது. பெயர் பீர் கேம். பயப்பட வேண்டாம், இதில் யாரும் குடிப்பதில்லை. பீர் கேஸ்களை ஆர்டர் செய்து வாங்கி விற்பதுதான் ஆட்டம்.

1960 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் குழுவினர் இதை உருவாக்கினார்கள். நம் கம்ப்யூட்டரில் உள்ள ராமுக்கு முன்னோடியான மேக்னெடிக் கோர் மெமரியை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவரும் இவரே. ஆனால் கேமுக்குக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. ஒரு போர்டும் காய்களும் சீட்டுகளும் போதும்.

ஆடுபவர்கள் நான்கு பேர்: கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. வாரம் ஒரு சீட்டில் தேவையான எண்ணிக்கையை எழுதி அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். சீட்டு போய்ச் சேர்ந்து சரக்கு வந்திறங்க சுமார் 4 வாரம் ஆகும். இருப்பில் கிடக்கும் ஒரு கேஸுக்கு வாரம் அரை டாலர் செலவு. கேட்டதைக் கொடுக்க முடியாமல் பாக்கி வைத்தால் 1 டாலர். மொத்தச் செலவு குறைந்த அணிக்கே வெற்றி.

சில வாரங்களில் சரக்கு தீர்ந்து எல்லாரும் தவிப்பார்கள். பிறகு குடோன் நிரம்பி வழியும். "வாடிக்கையாளர்கள் தாறுமாறாக வாங்கினார்கள்" என்பார்கள். உண்மையில் வாடிக்கையாளர் முதல் 4 வாரம் 4 கேஸ் கேட்டார், ஐந்தாம் வாரத்திலிருந்து 8 கேஸ். அவ்வளவுதான் மாற்றம்! ஜான் ஸ்டெர்மன் 1989ல் வெளியிட்ட ஆய்வில், ஆடியவர்களின் சராசரிச் செலவு, ஆகியிருக்க வேண்டிய செலவைப்போல் சுமார் பத்து மடங்கு இருந்தது.

நம்ப முடியவில்லையா? கடைக்காரரை மட்டும் எடுத்து நான் எக்ஸெல்லில் செய்து பார்த்தேன். லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் செய்திடலாம். வாரம், விற்பனை, வந்த சரக்கு, இருப்பு, ஆர்டர் என 5 காலங்களுக்குத் தலைப்பு கொடுக்கவும். விற்பனையில் முதல் 4 வாரத்துக்கு 4, பிறகு 8 என டைப் செய்திடவும். வந்த சரக்கு முதல் 4 வாரத்துக்கு 4. அதன் பின் நான்கு வரிசைக்கு மேலே உள்ள ஆர்டர் எண்ணே வர வேண்டும். தொடக்க இருப்பு 12. அதன் பிறகு, முந்தைய இருப்புடன் வந்த சரக்கைக் கூட்டி விற்பனையைக் கழிக்கவும். மைனஸ் வந்தால் அது பாக்கி. ஆர்டருக்கு, இருப்பு 12க்கு எவ்வளவு குறைகிறதோ அதையும் அந்த வார விற்பனையையும் கூட்டவும். விடை மைனஸ் என்றால் பூஜ்யம்.

ஃபார்முலாக்களை 25 வாரம் வரை கீழே இழுத்து விடுங்கள். எட்டாம் வாரம் ஆர்டர் 24 ஆகும். பதினொன்றாம் வாரம் பூஜ்யம். பதினான்காம் வாரம் கடையில் 52 கேஸ் தேங்கி நிற்கும். அதோடு அடங்காது, 22ஆம் வாரம் ஆர்டர் 32க்குப் போகும். கடையே இப்படி என்றால் அதற்குப் பின்னால் நிற்கும் மூவரின் கதி என்ன? சாட்டையின் பிடியைச் சற்று அசைத்தால் நுனி எகிறுவது போன்ற இந்த நிலைக்கு புல்விப் எஃபெக்ட் என்று பெயர். பி அண்ட் ஜி நிறுவனம் பாம்பர்ஸ் டயப்பர்களில் இதைக் கண்டது. குழந்தைகளின் தேவை ஏறக்குறைய சீராக இருக்க, ஆர்டர்கள் மட்டும் ஏறி இறங்கின.

குறை எங்கே? ஏற்கெனவே ஆர்டர் செய்து வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கை நம் ஃபார்முலா மறந்துவிடுகிறது. மனிதர்களும் அதையே செய்வதாக ஸ்டெர்மன் கண்டார். ஐந்தாம் வாரத்திலிருந்து ஆர்டர் ஃபார்முலாவை மாற்றுங்கள். அந்த வார விற்பனையை 4ஆல் பெருக்கி 12ஐக் கூட்டி, இருப்பையும் அதற்கு முந்தைய 3 ஆர்டர்களையும் கழிக்கவும். ஒரே ஒரு முறை 24, பிறகு எப்போதும் 8! ஒன்பதாம் வாரம் இருப்பு 12க்குத் திரும்பிவிடும்.

இன்னொன்றும் செய்து பாருங்கள். பழைய ஃபார்முலாவையே வைத்து, சரக்கு வரும் தாமதத்தை மட்டும் 2 வாரமாக்குங்கள். ஏற்ற இறக்கம் இருக்கும்; ஆனால் ஆர்டர் 16ஐத் தாண்டாது, இருப்பு 20ஐத் தாண்டாது, ஒரு வாடிக்கையாளரும் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.