டைவிங்கில் பார்த்த மீன் எது? கண்டுபிடிக்க உதவும் 'ஃபீல்டு கைடு'... எப்படிப் பயன்படுத்துவது?

அந்தமானின் ஹேவ்லாக் தீவு. ஸ்கூபா டைவ் முடிந்து படகில் ஏறியதுமே பேச்சு ஆரம்பித்துவிடும். "அந்த மஞ்சள் மீனைப் பார்த்தியா?" "மஞ்சளா? நீலம்ல!" "வால்ல ஒரு புள்ளி இருந்துச்சே?" பார்த்தது ஒரே மீனாகக்கூட இருக்கலாம். ஆனால் பெயர் யாருக்கும் தெரியாது.

இந்த மாதிரி சண்டையைத் தீர்க்கத்தான் ஃபீல்டு கைடு, அதாவது களக் கையேடு இருக்கிறது. விஷயம் வெறும் பெயரோடு முடிவதில்லை. பவளப்பாறைகளில் என்ன நடக்கிறது என்பதைக் கண்காணிக்கவும் இந்தக் கையேடுகள்தான் கைகொடுக்கின்றன.

எப்படி வந்தது?

முன்பெல்லாம் மீன் புத்தகம் என்றால் துடுப்பு முட்களை எண்ணிப் பார்க்கச் சொல்லும். அதற்கு மீன் கையில் இருக்க வேண்டும். நீந்திப் போகும் மீனின் முள்ளை யார் எண்ணுவது?

அமெரிக்காவைச் சேர்ந்த பால் ஹ்யூமன், நெட் டிலோச் இருவரும் இதை மாற்றினார்கள். 1989-ல் வெளியான அவர்களின் கரீபியன் கடல் மீன் கையேடு, கடலுக்குள் எடுத்த புகைப்படங்களை வைத்தே உருவானது. 'வெள்ளி நிற மீன்கள்', 'பெரிய உதடு, தடித்த உடல்', 'சிவப்பு நிறம், பெரிய கண்' என்று கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களை வைத்தே மீன்களைப் பிரித்தார்கள். உயிரியல் படிக்காதவர்களும் பக்கத்தைப் புரட்டிக் கண்டுபிடித்துவிடலாம்.

நிறத்தை மட்டும் நம்பலாமா?

கூடாது. காரணங்கள் மூன்று.

1. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தைத்தான். சுமார் 10 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு மீன் சாம்பல், பழுப்பு நிறமாகத் தெரியும். டார்ச் அடித்தால்தான் உண்மை நிறம் தெரியும்.

2. வயசுக்கு ஏற்ப மீன் வேஷம் மாறும். எம்பரர் ஏஞ்சல்ஃபிஷ் குட்டியாக இருக்கும்போது கருநீல உடலில் வெள்ளை வளையங்கள். வளர்ந்ததும் மஞ்சள், நீலக் கோடுகள். அந்தக் காலத்தில் குட்டியைத் தனி இனம் என்று நினைத்து, நிக்கோபார் தீவின் பெயரையே வைத்துவிட்டார்கள் விஞ்ஞானிகள்! கிளிமீன்களில் பல இனங்கள் பாலினமே மாறும். கூடவே நிறமும் மாறும்.

3. போலிகளும் உண்டு. மற்ற மீன்களின் உடலில் உள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று சுத்தம் செய்வது கிளீனர் ராஸ். அதே மாதிரி உடலும் கோடும் கொண்ட இன்னொரு மீன், கிட்டே வந்து துடுப்பைக் கடித்துவிட்டு ஓடும். அசல் மீனுக்கு வாய் மூக்கு நுனியில் இருக்கும். போலிக்கு அடிப்பக்கம் இருக்கும்.

அப்போ எதைப் பார்க்கணும்?

முதலில் உடல் வடிவம். அடுத்து நீந்தும் விதம்: வாலை ஆட்டுகிறதா, பக்கத் துடுப்பை அடிக்கிறதா? பிறகு இடம்: மணலா, பவளமா, நடுத்தண்ணீரா? கடைசியாகக் கண் மேல் கோடு, வால் புள்ளி போன்ற அடையாளங்கள். இதையெல்லாம் தண்ணீருக்குள்ளேயே பிளாஸ்டிக் ஸ்லேட்டில் பென்சிலால் குறித்துக்கொள்ளலாம். படகு ஏறும் வரை ஞாபகம் நிற்காது.

எந்தப் புத்தகம் வாங்கலாம்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கரீபியன் கையேடு அந்தமானுக்கு உதவாது. இரண்டு கடல்களின் மீன்களும் பெரும்பாலும் வேறு வேறு. அந்தமான், மாலத்தீவு, மன்னார் வளைகுடா போகிறவர்கள் 'இந்தோ-பசிபிக்' அல்லது 'இந்தியப் பெருங்கடல்' என்று இருக்கும் புத்தகத்தையே எடுக்க வேண்டும்.

போட்டோ இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றலாம். மற்றவர்கள் பார்த்து இனத்தைச் சொல்வார்கள். ஃபிஷ்பேஸ் இணையதளத்தில் அந்த மீன் எந்தக் கடலில் வாழ்கிறது என்று சரிபார்க்கலாம்.

நம்மூர்க் கடற்கரையில் கலவா, ஓரா, கிளிமீன் என்று மீனவர்கள் சொல்லும் பெயர்களும் பெரிய உதவி. ஆனால் ஒரே பெயருக்குள் பல இனங்கள் அடங்கும். அதனால் பதிவு செய்யும்போது அறிவியல் பெயரும் தேவை.

பெயர் தெரிஞ்சு என்ன லாபம்?

லயன்ஃபிஷ் கதைதான் பதில். இந்திய, பசிபிக் பெருங்கடல்களைச் சேர்ந்த இந்த விஷமுள் மீன், 1985-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடலில் தென்பட்டது. பிறகு பஹாமாஸ், கரீபியன் என்று பரவி, அங்குள்ள சின்ன மீன்களைத் தின்று தீர்க்கிறது. அந்தமானில் லயன்ஃபிஷ் பார்த்தால் அது சொந்த ஊர்க்காரர். கரீபியனில் பார்த்தால் அத்துமீறி வந்தவர். எந்தக் கடலில் எது இருக்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் இந்த வித்தியாசம் புரியும்.

ஹ்யூமனும் டிலோச்சும் 1990-ல் தொடங்கிய 'ரீஃப்' அமைப்பு, 1993 முதல் சாதாரண டைவர்களை வைத்தே மீன் கணக்கெடுப்பு நடத்துகிறது. துல்லியமாக எண்ண வேண்டியதில்லை. ஒன்று, 2 முதல் 10, 11 முதல் 100, 100-க்கு மேல் என்று நான்கே பிரிவுகள்தான். முக்கியமான விதி ஒன்று உண்டு: உறுதியாகத் தெரிந்த மீனை மட்டுமே எழுத வேண்டும்.

கவனம்!

அடையாளம் காண்பதற்காக எதையும் தொடாதீர்கள். கல் மாதிரி கிடப்பது கடும் விஷமுள்ள ஸ்டோன்ஃபிஷ்ஷாக இருக்கலாம். நினைவுக்காக எடுத்து வரவும் கூடாது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அடுத்த டைவில் ஐந்தே மீன்களின் பெயரைச் சரியாக எழுதிப் பாருங்கள், ஆரம்பத்துக்கு அது போதும்.